ஒரு ஊரின் நினைவை ஆவணப்படமாக எடுப்பது எப்படி: காகிதம் தேடுவதிலிருந்து ஊர்த் திரையிடல் வரை

கூலிப் போராட்டம், சாதி வன்முறை, போலீஸ் அத்துமீறல் என்று ஏதோ ஒன்று நடந்து வருடங்கள் ஓடிப்போன ஊர்களைப் பற்றிப் படமெடுக்க வருகிறவர்களோடு பட்டறைகளில் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று தெரிகிறது. கேமரா, லென்ஸ் விஷயத்தில் யாரும் பெரிதாகத் தடுமாறுவதில்லை, வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். முதல் நாளே கேமராவோடு ஊருக்குள் போகிறார்கள், பேட்டி எல்லாம் எடுத்து முடித்த பிறகு தீர்ப்பைத் தேடுகிறார்கள், திரைப்பட விழாவுக்குப் படத்தை அனுப்பிவிட்டு அப்புறம் ஊருக்குக் காட்டலாம் என்கிறார்கள். இதில் எந்தத் தவறையும் எடிட்டிங் மேசையில் சரிசெய்ய முடியாது. அதனால் எதற்கு முன் எது என்பதையே இங்கே அதிகம் பேசப்போகிறேன். உதாரணங்களுக்குக் கீழ்வெண்மணி, வாச்சாத்தி, தாமிரபரணி மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன்.

கிளம்பும் முன் தேவையானவை

முதலில் நேரம். மும்பை ரமாபாய் நகரில் 1997 ஜூலை 11 அன்று போலீஸ் சுட்டதில் 10 பேர் இறந்தார்கள். அதிலிருந்து தொடங்கி ஆனந்த் பட்வர்தன் எடுத்த ‘ஜெய் பீம் காம்ரேட்’ ஆவணப்படம் 2011இல்தான் முடிந்தது. உங்களுக்குப் பதினான்கு வருடம் வேண்டாம், ஆனால் கல்லூரி விடுமுறைக்குள் முடித்துவிடலாம் என்ற கணக்கோடு மட்டும் போகாதீர்கள்.

குழு மூன்று பேருக்கு மேல் வேண்டாம், அதில் ஒரு பெண் கட்டாயம் இருக்க வேண்டும், அந்த வட்டாரப் பேச்சு புரிந்த ஒருவரும் இருக்க வேண்டும். பணத்தில் இரண்டு ஹார்டு டிஸ்க்குக்கும் ஊர்த் திரையிடலுக்கும் ஆகும் தொகையை முதலிலேயே எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். கடைசியில் பணம் தீர்ந்துபோய் முதலில் கைவிடப்படுவது ஊர்த் திரையிடல்தான், எல்லாக் குழுவிலும் இதையே பார்க்கிறேன்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

‘கீழ்வெண்மணியைப் பற்றி ஒரு படம்’ என்பது கேள்வி ஆகாது. 1968 டிசம்பர் 25 இரவு அங்கே தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டது புத்தகத்திலும் கட்டுரையிலும் இருக்கிறது. ‘அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இதை வீட்டில் யார், எந்த வயதில், எப்படிச் சொன்னார்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள், இது கேள்வி.

காரணம் எளிது. செய்தியைக் கேட்டால் ஏற்கெனவே பலருக்குச் சொன்னதையே திரும்பச் சொல்வார்கள். நினைவு எப்படிக் கைமாறியது என்று கேட்டால், எந்தக் காகிதத்திலும் இல்லாத ஒன்று வரும். எழுதிய கேள்விக்கு ஒரு தீர்ப்பு நகலே பதில் சொல்லிவிடும் என்றால் அந்தக் கேள்வி உங்கள் படத்துக்கு வேண்டாம்.

இதோடு இன்னொரு வரியும் எழுதுங்கள்: நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள். ‘எந்த ஊரு, யாரு வீட்டுப் புள்ள?’ என்று டீக்கடையிலேயே கேட்பார்கள், அந்தக் கேள்வியில் சாதியும் இருக்கிறது. மழுப்பாமல் பதில் சொல்லத் தயாராகப் போங்கள். நீங்கள் மறைத்தது பிறகு வேறு யார் மூலமாவது தெரியவந்தால், அதுவரை பேசியவர்கள் எல்லாரும் ஒரே நாளில் வாயை மூடிக்கொள்வார்கள்.

2. ஊருக்கு முன் காகிதம்

தீர்ப்பு, விசாரணை ஆணைய அறிக்கை, அந்த வாரத்துச் செய்தித்தாள் மூன்றையும் படித்து முடிக்காமல் ஊருக்குப் போகாதீர்கள். தேதியையும் எண்ணிக்கையையும் பாதிக்கப்பட்டவரின் வாயிலிருந்து பிடுங்கத் தேவையில்லை, அவை காகிதத்தில் இருக்கின்றன. அவர் சொல்ல வேண்டியது வேறு.

வாச்சாத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் தருமபுரி மாவட்டத்தின் அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இவ்வளவும் தெரிந்த பிறகு போனால், ‘என்ன நடந்தது?’ என்று கேட்க மாட்டீர்கள், ‘பத்தொன்பது வருஷம் கோர்ட்டுக்கு எந்த பஸ்ஸுல போனீங்க, பிள்ளைகளை யார்கிட்ட விட்டுட்டுப் போனீங்க?’ என்று கேட்பீர்கள். படம் அந்தப் பதிலில்தான் தொடங்கும்.

எங்கே தேடுவது: தீர்ப்புகளுக்கு இந்தியன் கானூன் தளம், பழைய பத்திரிகைகளுக்குத் தரமணி ரோஜா முத்தையா நூலகமும் கன்னிமாரா நூலகமும், அரசு ஆணைகளுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம். கிடைக்காததற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். சம்பவம் 20 வருடத்துக்கு முந்தையது என்றால் பிரிவு 8(3)ஐக் குறிப்பிடுங்கள். மறுப்பதற்கான காரணங்களில் பெரும்பாலானவை அங்கே செல்லாது. இதைக் குறிப்பிடாமல் மனு போட்டு, ‘ரகசியம்’ என்று ஒரு வரிப் பதில் வந்ததும் சோர்ந்துபோகிறவர்கள் அதிகம். மேல்முறையீடு செய்யுங்கள்.

காகிதம் சொல்வதை அப்படியே நம்பவும் வேண்டாம். காகிதமும் ஊரும் முரண்படும் இடங்களைத் தனி நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள், எடிட்டுக்கு உட்காரும்போது முதலில் தேவைப்படுவது அந்த நோட்டுதான்.

3. கேமரா இல்லாமல் ஊருக்குப் போங்கள்

முதல் சில பயணங்களில் போனைக்கூடப் பையிலிருந்து எடுக்காதீர்கள். யாரோடு உள்ளே நுழைகிறீர்கள் என்பதை ஊர் பார்த்துக்கொண்டே இருக்கும். பஞ்சாயத்துத் தலைவரோடு பைக்கில் போய் இறங்கினால் நீங்கள் அவர் ஆள், ஊர்த்தெருவில் தங்கிக்கொண்டு பகலில் மட்டும் காலனிக்கு வந்தால் நீங்கள் ஊர்த்தெருவின் ஆள். யாரைப் பற்றிய படமோ அவர்கள் தெருவில் தங்குங்கள், அங்கேயே சாப்பிடுங்கள்.

நினைவு நாளில் முதன்முதலாகப் போவது தவறு. டிசம்பர் 25 அன்று வெண்மணியில் கொடியும் கூட்டமும் இருக்கும், அன்று பேசுகிறவர்கள் மேடைக்கான பேச்சைப் பேசுவார்கள். அந்தப் பேச்சு பொய்யில்லை, அதற்கு வேறு வேலை இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது சாதாரண செவ்வாய்க்கிழமை மதியம் வாசலில் வெற்றிலை மடித்துக்கொண்டே வருகிற பேச்சு.

பெரியவர்களை அம்மா, ஐயா, பெரியம்மா, தாத்தா என்று, ‘நீங்க, வாங்க’ போட்டே பேசுங்கள். இதெல்லாம் சொல்லியா தர வேண்டும் என்று கேட்கலாம். அறுபது வயதுப் பெரியவரை ஆதிக்க சாதிச் சிறுவன் ‘வாடா போடா’ என்று கூப்பிட்ட ஊரில், வெளியாள் ஒருவர் எப்படிக் கூப்பிடுகிறார் என்பதைக் கூர்ந்து கவனிப்பார்கள். கொடுத்த தண்ணீரைக் குடிக்கிறீர்களா என்றும் கவனிப்பார்கள்.

4. ஒப்புதலை மூன்று தடவை வாங்குங்கள்

பதிவுக்கு முன் ஒரு தடவை, பதிவு முடிந்ததும் ஒரு தடவை, எடிட் செய்ததைக் காட்டிய பிறகு ஒரு தடவை. ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் போதும் என்று நினைப்பதுதான் புதியவர்களின் பெரிய பிழை. வெற்றுத்தாளில் போலீஸ் கைரேகை வாங்கிய அனுபவம் உள்ளவரிடம் அச்சடித்த தாளை நீட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வாயால் கேளுங்கள், அவர் சொல்லும் பதிலை ஒலியாகப் பதிவு செய்யுங்கள், படிவத்தை அதன் பிறகு வாசித்துக் காட்டிக்கொள்ளலாம்.

‘ஆவணப்படம்’ என்று சொன்னால் பலருக்கு டிவி செய்தி என்றுதான் தோன்றும். ‘இது யூடியூப்ல வரும், எதிர்த்தெருக்காரங்க போன்லயும் வரும், அப்புறம் நானே நினைச்சாலும் முழுசா அழிக்க முடியாது’ என்று உடைத்துச் சொல்லுங்கள். முகம் வேண்டாம் குரல் மட்டும் போதும், பெயரை மாற்றலாம், இந்த ஒரு பகுதி மட்டும் வேண்டாம் என்கிற வழிகளையும் நீங்களே சொல்லுங்கள், அவராகக் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். நிவாரணம் வரும், கேஸ் திறக்கும் என்று எதையும் வாக்குக் கொடுக்கக் கூடாது.

சட்டம் ஒன்று கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 228ஏ, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 72. வயது வந்தவர் தாமாக எழுத்தில் அனுமதித்தால் விலக்கு உண்டு. முகத்தை மட்டும் மங்கலாக்கி, வீட்டு வாசலையும் கணவரையும் தெளிவாகக் காட்டினால் அதுவும் அடையாளம்தான்.

பணம் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். பேட்டிக்கு விலை பேசக் கூடாது, ஆனால் நூறு நாள் வேலையையோ களையெடுப்பையோ விட்டுவிட்டு உங்களோடு உட்கார்ந்தவருக்கு அன்றைய கூலி போய்விடுகிறது. அதை எல்லாருக்கும் ஒரே அளவில், முன்பே சொல்லிக் கொடுத்துவிடுங்கள். கூலிக்காக நடந்த போராட்டத்தைப் படமெடுக்க வந்தவர் கூலியைப் பறிப்பது எந்த வகையிலும் சரியில்லை.

5. ஒலி முதலில், படம் பிறகு

போன் கேமராவே போதும். காசு இருந்தால் மைக்குக்கும் ஹெட்போனுக்கும் செலவழியுங்கள், ஏனென்றால் மங்கலான படத்தை மக்கள் பொறுத்துக்கொள்வார்கள், புரியாத குரலைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். முதல் சந்திப்பை ஒலியாக மட்டும் பதிவு செய்தால் பேசுகிறவருக்கும் கூச்சம் விடும்.

ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. வீடியோ நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இப்படி வைத்தால் டியூப்லைட் மினுக்காது. காலர் மைக்கைப் பெண்களிடம் கையில் கொடுத்து அவர்களையே மாட்டச் சொல்லுங்கள். மின்விசிறியை அணையுங்கள். பேச்சு முடிந்ததும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் ஒலியைப் பதிவு செய்யுங்கள், வெட்டு விழுந்த இடங்களை ஒட்ட அது வேண்டும்.

6. பேட்டி: சம்பவத்திலிருந்து தொடங்காதீர்கள்

‘அன்னைக்கு என்ன நடந்துச்சு?’ என்று தொடங்கினால், வக்கீலிடமும் பத்திரிகைக்காரர்களிடமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வடிவம்தான் வரும். வீட்டிலிருந்து தொடங்குங்கள். அடுப்பு எந்தப் பக்கம் இருந்தது, கூலி நெல்லாகவா காசாகவா, எந்தக் கிணற்றில் தண்ணீர், யார் வீட்டில் ரேடியோ இருந்தது. சம்பவம் நடந்தது ஒரு நாள், அந்த மனிதர்கள் அதற்கு முன்பும் பின்பும் வாழ்ந்திருக்கிறார்கள். வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே போனால் அந்த நாளுக்கு அவரே வந்து சேர்வார், வராவிட்டால் இன்று வேண்டாம் என்று அர்த்தம்.

அவர் சொல்லி நிறுத்திய பிறகு அடுத்த கேள்வியைப் போடாமல் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். புதியவர்கள் அமைதிக்குப் பயந்து கேள்வியால் அதை அடைத்துவிடுகிறார்கள். முக்கியமான வாக்கியம் பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வருகிறது.

அழுதால் கேமராவை நெருக்கமாகக் கொண்டுபோகாதீர்கள். ‘நிறுத்தவாம்மா?’ என்று ஒரு தடவை கேளுங்கள், சொன்னால் நிறுத்துங்கள். நிறுத்தியதும் கிளம்பிவிடக் கூடாது, டீ குடித்து, வேறு பேச்சு பேசி, அவர் வழக்கமான வேலைக்குத் திரும்பும்வரை இருங்கள். பழையதைக் கிளறிவிட்டு நீங்கள் சாயங்கால பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டால், அன்று இரவு தூங்காமல் கிடப்பவர் அவர்தான்.

கணவரோ மகனோ பக்கத்தில் உட்கார்ந்து வாக்கியத்தை முடித்துக் கொடுப்பார்கள். குழுவில் ஒருவர் அவரை வெளியே அழைத்துப்போய் அவரிடமும் தனியாகப் பேட்டி எடுக்கட்டும். விரட்டினால் சண்டை வரும்.

இரண்டாம் பேட்டியை நடந்துகொண்டே எடுங்கள். வாச்சாத்தியில் மக்களை இழுத்துவந்து உட்காரவைத்த ஆலமரம் போல, ஒவ்வொரு ஊரிலும் நினைவு ஒட்டிக்கொண்டிருக்கும் இடம் உண்டு. அங்கே நின்றால் உட்கார்ந்து பேசியபோது வராத பெயர்கள் வரும். ஆனால் அவர் வரச் சம்மதித்தால் மட்டும். சில இடங்களுக்குக் காலம் கெடு வைக்கிறது: 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலி ஊர்வலத்தில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு 17 பேர் உயிரிழந்தார்கள், அந்தப் போராட்டம் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கானது. 2024இல் அங்கே விருப்ப ஓய்வு கொடுக்கப்பட்டு, பல குடும்பங்கள் மலையிலிருந்து இறங்கிவிட்டன. அவர்கள் வாழ்ந்த லைன் வீடுகளுக்குள் நடந்தபடி எடுக்க வேண்டியது எதுவானாலும் தள்ளிப்போடக் கூடாது.

எதிர்த்தரப்பைப் பேட்டி எடுப்பதாக இருந்தால் கடைசியில் எடுங்கள். அவரைப் பார்த்த ஒரு மணி நேரத்தில் ஊருக்கெல்லாம் விஷயம் போய்விடும், அதற்குள் மற்றவர்கள் பேசி முடித்திருக்க வேண்டும். ‘இரண்டு பக்கமும் வேண்டும்’ என்ற சமநிலைக்காகப் போகாதீர்கள். கையில் ஆவணத்தோடு, குறிப்பிட்ட கேள்விக்குப் பதில் கேட்கப் போங்கள்.

7. படமே இல்லாத சம்பவத்தை எப்படிக் காட்டுவது

இங்கேதான் அவசரப்பட்டு நடிகர்களை வைத்துக் குடிசையை எரிக்கிறார்கள். வேண்டாம். பார்ப்பவர் கண்ணில் தீ மட்டும்தான் நிற்கும், அந்த வீட்டில் இருந்த மனிதர்களின் நினைவு வராது. பாதிக்கப்பட்டவர்களையே மறுபடி நடிக்கச் சொல்வது அதைவிட மோசம்.

கம்போடிய இயக்குநர் ரித்தி பான் இரண்டு வழிகளைக் காட்டியிருக்கிறார். கெமர் ரூஜ் ஆட்சியின் சித்திரவதைச் சிறையான எஸ்-21ஐப் பற்றிய 2003ஆம் ஆண்டுப் படத்தில், அங்கே காவலாளிகளாக இருந்தவர்களே காலியான அறைகளில் தங்கள் அன்றாட வேலையைச் செய்து காட்டுகிறார்கள். கொடுமை செய்தவர் உடம்பில் அது எப்படிப் பதிந்திருக்கிறது என்று தெரிகிறது. 2013இல் வந்த ‘தி மிஸ்ஸிங் பிக்சர்’ படத்தில், படம்பிடிக்கப்படாமல் போன தன் குடும்பத்தின் வாழ்க்கையைக் களிமண் பொம்மைகளால் சொன்னார்.

நம் ஊரில் எனக்கு நன்றாகப் பலன் தந்தது வரைபடம். வாசலில் கோலமாவைக் கொடுத்து, அன்றைக்கு ஊர் எப்படி இருந்தது என்று நான்கைந்து பேரைச் சேர்ந்து வரையச் சொல்லுங்கள், கேமராவை மேலிருந்து வையுங்கள். ‘இல்லடி, கிணறு இந்தப் பக்கம்’ என்று அவர்களுக்குள் வாக்குவாதம் வரும், அந்த வாக்குவாதமே காட்சி. பழைய ரேஷன் கார்டு, பட்டா, கருகிய பாத்திரம் எது இருந்தாலும் அங்கேயே வைத்துப் படமெடுங்கள். புகைப்படங்களை வீட்டிலேயே ஸ்கேன் செய்துவிட்டுக் கையில் திருப்பிக் கொடுங்கள், ‘சென்னைக்குக் கொண்டுபோய்த் தருகிறேன்’ என்று வாங்கிப்போய்த் தொலைந்த படங்கள் எத்தனையோ.

8. அன்றிரவே பிரதி

மூன்று பிரதி, இரண்டு விதக் கருவிகளில், ஒன்று வேறு ஊரில். தங்கும் இடத்துக்கு வந்ததும் முதல் வேலை இது, சாப்பாடு அப்புறம். கோப்பின் பெயரில் தேதியும் எண்ணும் மட்டும் இருக்கட்டும். எந்த எண் எந்த மனிதர் என்ற பட்டியல் தனியாக, பூட்டுப்போட்ட கோப்பில் இருக்க வேண்டும், லேப்டாப் யார் கைக்காவது போனாலும் பேசியவர்கள் மாட்டக் கூடாது.

பேசியதைப் பேசியபடியே எழுதி எடுங்கள். வட்டார வழக்கைத் திருத்தி ‘நல்ல தமிழ்’ ஆக்கினால், எடிட்டில் தேடும்போது குரலும் எழுத்தும் பொருந்தாது, பேசியவரும் காணாமல் போவார்.

9. எடிட்: தாளில் தொடங்குங்கள்

எழுதி எடுத்ததை அச்சடித்து, வெட்டி, தரையில் பரப்பி வரிசை போடுங்கள். கணினியில் நேராகத் தொடங்கினால் அழகான ஷாட்டைச் சுற்றியே படம் உருவாகும். தாளில் தொடங்கினால் யார் என்ன சொல்கிறார் என்பதைச் சுற்றி உருவாகும். காகிதமும் ஊரும் முரண்பட்ட இடங்களை மறைக்காமல் அடுத்தடுத்து வையுங்கள்.

சோக வயலின், ஊரின் மேல் பறக்கும் ட்ரோன், பாட்டியின் கண்ணை மெதுவாகக் காட்டும் நெருக்கக் காட்சி மூன்றையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் படம் வலுவாகும். பறை ஒலியைச் சாவுக் காட்சிக்கு மட்டும் பயன்படுத்துவதையும் நிறுத்துங்கள், திருவிழாவிலும் போராட்டத்திலும் கூடத்தான் அது ஒலிக்கிறது.

10. முதல் திரையிடல் அந்த ஊரில்

இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். முதலில் பேசிய ஒவ்வொருவருக்கும் அவர் வீட்டில் தனியாக, அவர் வரும் பகுதிகளைக் காட்டுங்கள். மூன்றாவது ஒப்புதல் இங்கேதான். கூட்டத்தின் நடுவில் தன் முகத்தை முதன்முதலாகப் பார்ப்பவரால் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாது. வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள், அது எவ்வளவு நல்ல காட்சியாக இருந்தாலும்.

அப்புறம் ஊருக்கு. எந்தத் தெருவில் திரை கட்டுகிறீர்கள் என்பதை அவர்களிடமே கேளுங்கள். அறுவடை முடிந்த சமயம், வேலை முடிந்து சாப்பிட்ட பிறகு, எட்டு மணிக்கு மேல். கரண்ட் போகும், பேட்டரியோ ஜெனரேட்டரோ வேண்டும். படம் முடிந்ததும் மேடைப் பேச்சு வைக்காமல் நோட்டோடு உட்காருங்கள். ‘அந்த ஆளு பேரு தப்பு’, ‘எங்க சித்திய விட்டுட்டீங்க’ என்று வரும். திருத்த நேரம் வைத்துக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும், விழாவுக்கு அனுப்பும் கடைசித் தேதிக்கு முந்தின நாள் ஊருக்குக் காட்டினால் நீங்கள் கருத்துக் கேட்கவில்லை, தகவல் சொல்கிறீர்கள்.

11. வெளியீடும் அதற்குப் பிறகும்

பொதுத் திரையிடலுக்கு 1952ஆம் ஆண்டு சினிமாட்டோகிராஃப் சட்டப்படி தணிக்கைச் சான்றிதழ் தேவை, அதற்கான மாதங்களையும் கணக்கில் வையுங்கள். இணையத்தில் ஏற்றும் தேதியை ஊரோடு பேசி முடிவு செய்யுங்கள். தேர்தல், திருவிழா, வழக்கு வாய்தா சமயங்களைத் தவிர்ப்பது நல்லது.

டைட்டிலில் யார் பெயர் போகலாம் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள், உதவிய உள்ளூர் இளைஞர்களிடம் முக்கியமாக. இந்தோனேசியாவின் 1965 படுகொலைகளைப் பற்றிய ‘தி ஆக்ட் ஆஃப் கில்லிங்’ படத்தில் உள்ளூர்க் குழுவினர் பலரின் பெயர் ‘அநாமதேயர்’ என்றே இருக்கிறது. நீங்கள் சென்னைக்குத் திரும்பிவிடுவீர்கள், அவர்கள் அங்கேயே இருக்க வேண்டும்.

முழுப் பேட்டிகளின் பிரதியை, படத்தில் வராத பகுதிகளோடு, பேசியவர்களின் குடும்பத்துக்குப் பென் டிரைவில் கொடுத்துவிடுங்கள். படத்தை ஏற்றிய கணக்கின் கடவுச்சொல் குழுவில் ஒருவரிடமும் ஊரில் அவர்கள் தேர்ந்தெடுக்கும் ஒருவரிடமும் இருக்கட்டும், மிரட்டல் வந்து நள்ளிரவில் படத்தை மறைக்க வேண்டியிருந்தால் உங்கள் போனுக்காக அவர்கள் காத்திருக்கக் கூடாது.